கல் எடுத்த குழியில் காடு: ஐந்து பாடவேளைகளில் ஒரு நிலமீட்புப் பாடம்

அரியலூர் மாவட்டத்தில் அறிவியல் பாடம் நடத்தும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. சுண்ணாம்புக்கல்லைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியதில்லை. மாணவர்கள் பள்ளிக்கு வரும் சாலையிலேயே அது டிப்பர் லாரியிலிருந்து உதிர்ந்து கிடக்கும். வகுப்பில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் சிமெண்ட் ஆலையிலோ, சுரங்கத்திலோ, லாரியிலோ வேலை பார்ப்பவராக இருப்பார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், "கல் எடுத்து முடிந்த பிறகு அந்தக் குழி என்ன ஆகும்?" என்று கேட்டேன். "தண்ணி நிக்கும் டீச்சர்" என்றார்கள். "குப்பை கொட்டுவாங்க" என்றார்கள். "யாராவது குளிக்கப் போய் மூழ்கிடுவாங்க" என்றான் ஒரு மாணவன். மூன்றும் அவர்கள் கண்ணாலும் காதாலும் அறிந்தவை. குழிக்கு வேறொரு எதிர்காலமும் உண்டு என்று அவர்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்தப் பிள்ளைகளில் பலர் நாளை இந்த ஊர்களிலேயே குடும்பம் நடத்தப் போகிறவர்கள். கிராம சபையில் உட்காரப் போகிறவர்கள், வார்டு உறுப்பினராகப் போகிறவர்கள். சுரங்கக் குத்தகை முடியும் நாளில், "இந்த நிலத்தை என்ன நிலையில் திருப்பித் தருகிறீர்கள்?" என்று கேட்கத் தெரிந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். அதற்காக நான் வகுப்பில் நடத்திய ஐந்து பாடவேளைப் பாடத்தை இங்கே பகிர்கிறேன். நைட்ரஜன் சுழற்சி, மட்குதல், உணவுச் சங்கிலி, பாறையும் மண்ணும் ஆகிய கருத்துகளை இது ஒரே நூலில் கோக்கிறது. எட்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்குப் பொருந்தும். சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினால் இன்னும் சிறப்பு.

கற்றல் விளைவுகள்

1. வெறும் பாறை மண்ணாக மாறுவதில் நுண்ணுயிர், தாவரம், விலங்கு ஆகியவற்றின் பங்கை வரிசைப்படுத்திக் கூறுதல்.
2. ஒரு நிலம் மீளாமல் இருப்பதற்கு அங்கே எது குறைகிறது என்று கண்டறிதல்.
3. கைவிடப்பட்ட ஒரு குழிக்குப் பொருத்தமான பயன்பாட்டைக் காரணத்துடன் பரிந்துரைத்தல்.

ஆசிரியருக்கான பின்னணி: பம்புரியில் நடந்தது

இந்தப் பாடத்துக்கு மையமாக நான் எடுத்துக்கொண்டது கென்யா நாட்டின் ஓர் உண்மை நிகழ்வு. மொம்பாசா நகருக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலின் கரையில் பம்புரி என்ற இடம் இருக்கிறது. நம்மூரைப் போலவே அங்கும் சிமெண்ட் ஆலை. 1954 முதல் அங்கே சிமெண்ட் உற்பத்தியானது. மூலப்பொருள் பழைய பவளப்பாறை. முன்னொரு காலத்தில் கடலுக்குள் வளர்ந்த பவளத் திட்டுகள், கடல் விலகிய பின் சுண்ணாம்புப் பாறையாகக் கரையில் நின்றன. நம் பாறையும் கடல் தந்ததுதான். கல்லங்குறிச்சிப் பகுதிச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். வயதில்தான் வேறுபாடு. பம்புரிப் பாறையின் வயதை லட்சங்களில் எண்ணலாம். நம்முடையது கிரெட்டேசியஸ் காலத்தது, 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது.

பாறையை வெட்டி எடுத்த பிறகு பம்புரியில் எஞ்சியது கண் கூசும் வெள்ளைத் தளம். மண் என்று சொல்ல ஒரு பிடி இல்லை. நிழல் இல்லை. சற்றே தோண்டினால் உப்புக் கலந்த நிலத்தடி நீர். இந்த இடத்தில் ஏதாவது வளருமா என்று பார்க்கும் பொறுப்பை ஏற்றவர் ரெனே ஹாலர். சுவிட்சர்லாந்துக்காரர், தோட்டக்கலை படித்தவர். ஆலை ஊழியர்களுக்குக் காய்கறியும் பழமும் விளைவித்துத் தருவதற்காக 1959இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். குழியை மீட்கும் பணி 1971 வாக்கில் தொடங்கியது.

முதலில் அவர் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். பிழைத்தவை மூன்றே: தென்னை, சவுக்கு, கோனோகார்பஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு மரம். மற்ற 23 வகைகளும் பட்டுப்போயின. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "ஏன் இந்த மூன்று மட்டும்?" என்று மாணவர்களிடம் கேளுங்கள். தென்னையும் சவுக்கும் எங்கே நன்றாக வளரும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கடலூர், நாகப்பட்டினம் பக்கம் போய்வந்த ஒரு மாணவி, "ரெண்டும் கடற்கரையில இருக்கற மரம், உப்பைத் தாங்கும்" என்று உடனே சொன்னாள்.

சவுக்குக்கு இன்னொரு பலமும் உண்டு. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாவரம் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றித் தருவதைப் பாடநூலில் படிக்கிறோம். சவுக்கு பயறு வகையைச் சேர்ந்தது அல்ல. ஆனாலும் அதன் வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் வாழ்ந்து அதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் உரமே இல்லாத இடத்திலும் சவுக்கால் வளர முடிகிறது.

சவுக்கு வளர்ந்தது, நிழலும் வந்தது. அடுத்து ஒரு சிக்கல். சவுக்கிலிருந்து உதிரும் ஊசி போன்ற மிலார் தரையில் மெத்தைபோலக் குவிந்தது, ஆனால் மட்கவில்லை. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம் என்பதால் பாக்டீரியாக்கள் அதை எளிதில் சிதைப்பதில்லை. சருகு மட்கினால்தானே மண்? மரம் இருந்தும் மண் பிறக்கவில்லை.

தீர்வு தந்தது ஒரு மரவட்டை. நம் பிள்ளைகள் ரயில் பூச்சி என்று சொல்வார்களே, அதே வகை உயிரினம். சிவப்புக் கால்களை உடைய அந்த ஆப்பிரிக்க மரவட்டை சவுக்குச் சருகைத் தின்பதை ஹாலர் கவனித்தார். அவற்றை நூற்றுக்கணக்கில் சேகரித்துக் கொண்டுவந்து குழியில் விட்டார்கள். மரவட்டை சருகை மென்று பொடியாக்கி எச்சமாக வெளியேற்றியது. அந்த எச்சத்தைச் சிதைப்பது பாக்டீரியாக்களுக்கு எளிதாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு மட்கு சேர்ந்தது. அதன் பிறகே புல்லும் செடிகளும் பிற மரங்களும் வேர் பிடித்தன. சவுக்கை ஆங்காங்கே வெட்டி எடுத்து, அந்த இடைவெளியில் அந்த நாட்டு மரங்களை நட்டார்கள். வெட்டிய சவுக்கு கம்பாகவும் விறகாகவும் பயன்பட்டது.

பிறகு நீர்நிலைகள் அமைத்தார்கள். திலாப்பியா மீன் வளர்த்தார்கள். மான் இனங்கள், ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, ஆமை ஒவ்வொன்றாக வந்தன. மேயும் விலங்குகளின் சாணம் மண்ணுக்கு மேலும் உரமானது. 1984இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்த இடம் இன்று ஹாலர் பூங்கா என்று அழைக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 1987இல் ஹாலரைத் தன் குளோபல் 500 கௌரவப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பூங்காவுக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே சுனாமியின் அலை, இந்தியப் பெருங்கடலைக் கடந்து கென்யாவையும் தொட்டது. கனமழையில் ஆற்றோடு கடலுக்கு அடித்து வரப்பட்டிருந்த நீர்யானைக் கூட்டத்திலிருந்து, ஏறக்குறைய ஒரு வயதுக் குட்டி ஒன்று தனித்துப் போய் மாலிந்திக் கடற்கரைக்கு அருகில் சிக்கிக்கொண்டது. ஊர்மக்கள் கூடி அதை மீட்டு, ஹாலர் பூங்காவுக்கு அனுப்பினார்கள். ஓவன் என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டி, அங்கே இருந்த ம்ஸே என்ற நூறு வயதைத் தாண்டிய அல்டாப்ரா ராட்சத ஆமையிடம் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒன்றாகத் தின்று, ஒன்றாகத் தூங்கிய படங்கள் உலகம் முழுவதும் பரவின. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். பெரிய வகுப்பில் நான் கேட்ட கேள்வி இது: "அந்தக் குட்டிக்கு அடைக்கலம் தந்த இடம் முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது?"

ஐந்து பாடவேளைகள்

முதல் பாடவேளை: மேலிருந்து பார்த்தல்

ஹைடெக் ஆய்வகத்தில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, முதலில் எங்கள் பள்ளியைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பிறகு சுற்றியுள்ள வெள்ளைத் திட்டுகளை எண்ணச் சொன்னேன். பழைய ஆண்டுப் படங்களோடு ஒப்பிட்டால் குழிகள் பெரிதாகி வந்ததும், சில குழிகளில் நீர் நிறைந்ததும், சிலவற்றின் ஓரத்தில் பச்சை படர்ந்ததும் தெரியும். "அந்தப் பச்சை என்ன?" என்பது அன்றைய வீட்டுப்பாடம். மறுநாள் கிட்டத்தட்ட எல்லோரும் கொண்டுவந்த விடை சீமைக் கருவேலம். யாரும் நடாமலே வரும் மரம் அது. அது வந்ததாலேயே நிலம் மீண்டுவிட்டது என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்காம் பாடவேளையில் அது தானாகத் திரும்பி வரும்.

ஆய்வகம் இல்லாத பள்ளியில் ஆசிரியரின் கைப்பேசியே போதும். குழுவுக்கு ஐந்து நிமிடம் என்று சுற்றுக்கு விடலாம்.

இரண்டாம் பாடவேளை: நான்கு டம்ளர்

இந்தச் சோதனைக்கு மூன்று வாரம் வேண்டும் என்பதால் முதல் நாளே தொடங்கிவிடுவது நல்லது. அடியில் துளையிட்ட நான்கு காகித டம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் டம்ளரில் இடித்த சுண்ணாம்புக்கல் தூள் மட்டும்.
இரண்டாவதில் கல்தூளும் காய்ந்த சருகும்.
மூன்றாவதில் கல்தூளும் நன்கு மட்கிய குப்பை உரமும்.
நான்காவதில் தோட்டத்து மண்.

ஒவ்வொன்றிலும் ஐந்து பாசிப்பயறு விதையுங்கள். தினமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, செடியின் உயரத்தையும் இலை நிறத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். கல்தூள் காரத்தன்மை உடையது. வினிகரை ஒரு சொட்டு விட்டால் நுரைப்பதையும் அன்றே காட்டிவிடலாம்.

முதல் வாரத்தில் மாணவர்கள் ஏமாந்துபோவார்கள். கல்தூளிலும் பயறு முளைத்துவிடும். "அப்புறம் மண்ணே வேண்டாமே டீச்சர்?" என்று கேட்பார்கள். இந்தச் சோதனையின் சிறந்த தருணம் இதுதான். விதைக்குள் சேமித்து வைத்த உணவு இருக்கும்வரை நாற்று வளரும். அது தீர்ந்த பிறகுதான் மண்ணின் வேலை தெரியும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கல்தூள் டம்ளரில் வளர்ச்சி பின்தங்கும், இலை வெளுக்கத் தொடங்கும். கார மண்ணில் இரும்புச் சத்து வேருக்கு எளிதில் கிடைக்காது என்பது அதற்கு ஒரு காரணம். மரம் நடும் விழாவில் பச்சையாக இருக்கும் கன்று ஏன் சில மாதங்களில் பட்டுப்போகிறது என்பதையும் இந்த டம்ளரைக் காட்டியே விளக்கலாம்.

இரண்டாவது, மூன்றாவது டம்ளர்களை அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டிலும் இருப்பது தாவரக் கழிவுதான். ஒன்று மட்காதது, மற்றொன்று மட்கியது. பம்புரியில் மரவட்டை வருவதற்கு முன்னும் பின்னும் இருந்த நிலைக்கு இவை சிறிய மாதிரிகள்.

மூன்றாம் பாடவேளை: சீட்டை எடுத்தால் என்ன ஆகும்?

பம்புரிக் கதையை முழுவதும் சொல்லி முடித்த பின், பழைய நாள்காட்டி அட்டைகளில் இந்தச் சொற்களை எழுதிக் குழுக்களிடம் கொடுத்தேன்: வெறும் பாறை, சவுக்கு, பிராங்கியா, சருகு, மரவட்டை, பாக்டீரியா, மட்கு, புல், உள்நாட்டு மரங்கள், மான், குளம், பறவை, மனிதர்கள். வரிசையாக அடுக்க வேண்டும். அடுக்கிய பிறகு மற்றொரு குழு வந்து ஏதாவது ஒரு சீட்டை எடுத்துவிடும். "இப்போது எது நின்றுபோகும்?" என்று சொல்ல வேண்டும்.

ஒரு குழு மரவட்டையை எடுத்தது. "சருகு அப்படியே மூடிக் கிடக்கும். மேல விழுற விதை தரையைத் தொடாது" என்று எதிர்க்குழு சொன்னது. இன்னொரு குழு மானை எடுத்தது. காடு நிற்காது, ஆனால் மெதுவாக வளரும் என்று விவாதித்து முடிவுக்கு வந்தார்கள். எல்லா இழப்பும் ஒரே அளவு இல்லை என்பதை இப்படி அவர்களாகவே கண்டுகொண்டார்கள்.

மனிதர்கள் என்ற சீட்டை எல்லாக் குழுவும் கடைசியில் வைத்தது, ஒரு குழுவைத் தவிர. அந்தக் குழுவின் மாணவி அதை முதலில் வைத்தாள். காரணம் கேட்டேன். "தோண்டினதும் மனுசங்கதான், நட்டதும் மனுசங்கதான். பூங்கா பார்க்க வர்றவங்க மட்டும்தான் கடைசி" என்றாள். நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த விடையைவிட அது நல்ல விடை.

நான்காம் பாடவேளை: நம் குழிக்கு எது பொருந்தும்?

பம்புரியை அப்படியே படியெடுக்க முடியாது என்பதை மாணவர்கள் உணர வேண்டிய வகுப்பு இது. இரண்டு இந்திய எடுத்துக்காட்டுகளைச் சொன்னேன்.

ஒன்று, ஹரியானா மாநிலம் குருகிராமில் உள்ள ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்கா. கல் வெட்டிக் கைவிடப்பட்ட மேடுபள்ளமான நிலம். 2010இல் மீட்புப் பணி தொடங்கியது. நகர மக்கள், மாநகராட்சி, நிறுவன ஊழியர்கள், பள்ளி மாணவர்கள் எனப் பலரும் நட்டார்கள். ஆரவல்லிக்கு உரிய மரங்களின் கன்றுகள் வழக்கமான நாற்றங்கால்களில் கிடைக்காததால், எஞ்சியிருந்த பழைய காடுகளிலிருந்து விதை சேகரித்துத் தாங்களே நாற்றங்கால் அமைத்தார்கள். 2022 பிப்ரவரி 2 அன்று, காப்புக்காடோ சரணாலயமோ அல்லாத, ஆனால் பல்லுயிரைக் காக்கும் இடம் என்ற வகையில் இந்தியாவின் முதல் இடமாக அது அறிவிக்கப்பட்டது. பம்புரி வெளியிலிருந்து வந்த சவுக்கை முன்னோடியாக வைத்துத் தொடங்கியது. குருகிராம் உள்ளூர் விதையை நம்பியது. அங்கே சிறிதளவாவது மண் இருந்ததால் அது முடிந்தது என்ற வேறுபாட்டையும் பேசினோம்.

இரண்டு, சென்னையை ஒட்டிய சிக்கராயபுரம் கல்குவாரிகள். 2017லும் 2019லும் சென்னை தண்ணீரின்றித் தவித்தபோது, இந்தக் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு வழங்கினார்கள். குழியை மூடாமல் வைத்திருந்ததே அங்கே பயனாயிற்று.

இவற்றுக்குப் பிறகு எங்கள் பகுதிக்குத் திரும்பினோம். பேச்சிலிருந்து திரண்ட கருத்துகளைத் தருகிறேன். பிற மாவட்ட ஆசிரியர்களுக்கும் பயன்படலாம்.

நீர் நிற்கும் குழி என்றால் பறவை வரும் என்பது மாணவர்களின் முதல் எண்ணம். எங்கள் மாவட்டத்தில் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 2024இல் அது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்கு அவ்வளவு பறவைகள் வரும்போது, குழிக்கு ஏன் அவ்வளவு வருவதில்லை? ஏரிக்குச் சரிவான ஆழமற்ற ஓரம் இருக்கிறது. உள்ளானும் நாரையும் நின்று இரை தேட அந்த ஓரம் வேண்டும். குழியோ சுவர்போல இறங்குகிறது. ஒரு பக்கத்தையாவது சரிவாக்கினால் பறவைக்கு இடமாகும். தவறி விழுந்த மனிதரும் மாடும் ஏறி வரவும் வழியாகும். ஒரே வேலையில் இரண்டு பயன்.

எல்லாச் சுவரையும் சரிக்க வேண்டியதும் இல்லை. கொம்பன் ஆந்தை பாறை விளிம்புகளில், கைவிடப்பட்ட குவாரிச் சுவர்களிலும்கூட, முட்டையிடும். மண் சுவரில் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் வளை குடையும்.

எங்கள் குழிகளுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அவற்றின் சுவரில் கிரெட்டேசியஸ் கடலின் உயிர்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அம்மோனைட் என்ற சுருள் ஓடுகளைத் தேடி உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வாளர்கள் இங்கே வருகிறார்கள். பக்கத்து மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் பாதுகாக்கப்படுவது மாணவர்களுக்குத் தெரியும். எல்லாக் குழியையும் மண்ணால் மூடிக் காடாக்கினால் அந்தப் பக்கங்கள் மூடிவிடும். எனவே எங்கள் மாவட்டத்தில் நிலமீட்பு என்றால், சில சுவர்களைத் திறந்தபடியே விட்டு வேலி போட்டுக் காப்பதும் அதில் அடங்கும்.

சீமைக் கருவேலம் பற்றிய பழைய கேள்வி இங்கே வந்தது. "சவுக்கும் வெளியூர் மரம், சீமைக் கருவேலமும் வெளியூர் மரம். அதை நட்டாங்க, இதை ஏன் வேண்டாங்கறோம்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பம்புரியில் சவுக்கைப் படிப்படியாக வெட்டி மற்ற மரங்களுக்கு இடம் கொடுத்தார்கள். முன்னோடி மரம் இடத்தைத் தயார் செய்துவிட்டு ஒதுங்க வேண்டும். சீமைக் கருவேலம் தானாக ஒதுங்காது, யாரும் அதை ஒதுக்குவதும் இல்லை. எந்த மரம் என்பதோடு, அதை யார் தொடர்ந்து கவனிக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே பதில் ஆகிறது.

ஐந்தாம் பாடவேளை: மாதிரிக் கிராம சபை

பொருள்: குத்தகை முடிந்த ஒரு குழியை என்ன செய்வது? பாத்திரங்கள்: ஊராட்சித் தலைவர், ஆடு வளர்ப்பவர், கிணற்றுப் பாசன விவசாயி, சுரங்கத் தொழிலாளி, புதைபடிவ ஆய்வாளர், பறவை ஆர்வலர், நிறுவனப் பிரதிநிதி, பள்ளி மாணவர். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம்.

விவாதத்துக்கு முன் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனத்துக்கும் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் உகந்ததாக மாற்ற வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இரண்டாவது, 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற அமைப்பு உண்டு. இந்த இரண்டும் தெரிந்த பிறகு பிள்ளைகள் பேசிய தொனி மாறியது. "தயவுசெய்து செய்து கொடுங்கள்" என்று எழுதி வந்தவர்கள், "எந்த ஆண்டுக்குள் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள்.

ஆடு வளர்ப்பவராக நடித்த மாணவன் எல்லோரையும் திணறடித்தான். "வேலி போட்டா என் ஆடு எங்க மேயும்?" கன்று வளரும்வரை வேலி வேண்டும் என்பதும் நியாயம், மேய்ச்சல் இல்லாமல் அவர் பிழைக்க முடியாது என்பதும் நியாயம். நெடுநேரம் பேசி, நிலத்தை மூன்று பங்காக்கி ஆண்டுக்கு ஒன்றாக நடுவது, மற்ற இரண்டிலும் புல் அறுத்துக்கொள்ள அனுமதிப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். அந்த நிலம் கற்பனைதான். ஆனால் தீர்மானம் கச்சிதமாக இருந்தது.

கவனிக்க வேண்டியவை

மாணவர்களை எந்தக் காரணத்துக்காகவும் சுரங்கத்துக்குள்ளோ நீர் தேங்கிய குழியின் ஓரத்துக்கோ அழைத்துச் செல்லாதீர்கள். ஓரப் பாறை உறுதியற்றது. நீரின் ஆழம் வெளியே தெரியாது. இறங்கியவருக்குக் கால் ஊன்ற இடமில்லை. நேரடி உற்றுநோக்கலுக்கு ஏரிக்கரையும் பள்ளித் தோட்டமும் போதும். இந்தப் பாடத்தின் ஆர்வத்தில் பிள்ளைகள் தாங்களாகவே குழியைப் பார்க்கப் போய்விடாதபடி, ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் இதை நான் சொல்லி அனுப்பினேன். பெற்றோருக்கும் தகவல் தந்தேன்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. மூன்றாம் நாள் ஒரு மாணவன், "அப்போ எங்கப்பா செய்யறது தப்பா டீச்சர்?" என்று கேட்டான். அவன் அப்பா சுரங்கத்தில் லாரி ஓட்டுபவர். வகுப்பு அமைதியானது. இந்தப் பள்ளிக் கட்டடமும், நாம் எல்லோரும் தூங்கும் வீடும் அந்தக் கல்லால் ஆனவை, உன் அப்பா செய்வது உழைப்பு என்று சொன்னேன். எடுப்பதோடு வேலை முடிந்துவிட்டது என்று விட்டுவிடுவதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம் என்றும், மீட்கும் பணிக்கும் லாரி ஓட்டத் தெரிந்தவர், பாறையின் குணம் அறிந்தவர் தேவை என்றும் சொன்னேன். சுரங்கப் பகுதிப் பள்ளிகளில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வாய்விட்டுக் கேட்காத பிள்ளையின் மனத்திலும் இருக்கும். எனவே முதல் வகுப்பிலேயே நாமாகவே இதைப் பேசிவிடுவது நல்லது.

மூன்றாவது, மீட்பு என்ற சொல்லின் எல்லை. ஹாலர் பூங்கா அருமையான இடம். ஆனாலும் வெட்டுவதற்கு முன் அங்கே இருந்த பாறையும் அதன்மேல் இருந்த காடும் திரும்பவில்லை. புதிதாக வேறொன்று உருவானது. "மீட்க முடியும் என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாமா?" என்று விவாதத்துக்கு விடுங்கள். ஹாலரின் பணி பொதுமக்கள் பார்வைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது என்ற செய்தி அந்த விவாதத்தில் உதவும்.

மதிப்பீடு

1. கல்தூளிலும் பயறு முளைத்தது. ஆனால் தொடர்ந்து வளரவில்லை. காரணம் கூறுக.
2. சவுக்கு பயறு வகையைச் சேர்ந்ததல்ல. இருந்தும் நைட்ரஜன் குறைந்த நிலத்தில் எப்படி வளர்கிறது?
3. பம்புரியில் மரவட்டையை முதலிலும் சவுக்கைப் பிறகும் கொண்டுவந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?
4. செங்குத்தான கரையுடைய குழியில் நாரை, உள்ளான் போன்ற பறவைகள் குறைவாக இருப்பது ஏன்?
5. உன் ஊரில் பயனற்றதாகக் கருதப்படும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடு. அங்கே இப்போது குறைவது எது? அடுத்து எது வர வேண்டும்? யார் பொறுப்பேற்க வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு மனப்பாட விடை கிடையாது. அதனாலேயே மாணவரின் புரிதலை அது நன்றாகக் காட்டுகிறது.

உங்கள் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் இல்லாமல் இருக்கலாம். கருங்கல் குவாரி இருக்கும், செம்மண் எடுத்த பள்ளம் இருக்கும், செங்கல் சூளைக்குக் களிமண் எடுத்த குட்டை இருக்கும். டம்ளரில் போடும் தூளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சீட்டுகளில் சவுக்குக்குப் பதிலாக உங்கள் மண்ணில் முதலில் தலைகாட்டும் செடியை எழுதுங்கள். அது எந்தச் செடி என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.